ஏணியம்மாவுக்கு, அன்று மனுவில் கையொப்பமிட்டவர்கள் வாசித்தளிப்பது

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய அம்மையீர்!

பள்ளத்தின் விளிம்பில் நின்றே முப்பத்தோர் ஆண்டுகளைக் கழித்தவரே! பள்ளத்துள் இறங்கியவர் எவராயினும் இறங்கியபடியே ஏறி வர வேண்டும் என்பதைப் பணியாகவும் பிடிவாதமாகவும் பிரார்த்தனையாகவும் கொண்டவரே! வெயிலில் வாடாமலும் மழையில் ஓடாமலும், கண்டிப்பில் குறையாமலும் கனிவில் குன்றாமலும், குழாய் பதிப்புப் பிரிவின் கண்ணாகவும் காவலாகவும் விளங்கிய அகழ்வுப் பாதுகாப்பு ஆய்வாளரே! பணி நிறைவு பெற்றுப் பிரியும் தங்களை, இப்பிரிவின் பணியாளர்களாகிய நாங்கள் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

தலை தாழ்த்தி என்று எழுதியது வழக்கத்துக்காக அல்ல. தலை நிமிர்ந்து தங்களைப் பார்க்க முடியாத காரணம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால், சட்டம் போட்ட பொய்யாகத்தான் இது தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும்.

மடல் எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, வருகைப் பதிவு எழுத்தனாகிய எனக்கே வந்தது. இதற்கு முன் பதினான்கு பேருக்கு எழுதியிருக்கிறேன். பெயர் மாறும், ஆண்டு மாறும், 'குலவிளக்கே' மட்டும் மாறாது. நீரேற்று அறையில் பாதி நேரம் குறட்டை விட்ட நண்பருக்கு 'உறக்கம் அறியா உழைப்பே' என்று எழுதி வாசித்தபோது, இரண்டாம் வரிசையில் தாங்கள் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தங்களுக்கும் அப்படியே நான்கு பக்கம் எழுதினேன். சென்ற வாரம் கருவிக் கொட்டகையில் மதியச் சாப்பாட்டின்போது அதை வாசித்துக் காட்டினேன். எல்லாரும் கேட்டார்கள். பொக்லைன் ஓட்டுநர் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு எழுத்தரே. ஆனா நாம பண்ணினது இதுல எங்க இருக்கு?"

அதன்பிறகு யாரும் சாப்பிடவில்லை. அந்த நான்கு பக்கங்களையும் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது மடல். இதில் அணியழகு குறைந்திருந்தால் பொறுத்தருள்க.

அம்மையீர்! தாங்கள் இருபத்தேழு வயதில் இத்துறைக்கு வந்தது வரைபடம் வரைய. குழாய்ப் பாதைகளைக் கோடு பிசகாமல் வரைந்து, மின்விசிறிக்கடியில் அமர்ந்து ஓய்வு பெற்றிருக்கலாம். வரைந்ததைச் சரிபார்க்க ஒருநாள் களத்துக்கு வந்தீர்கள். தன் உயரத்தைவிட ஆழமான பள்ளத்தில் ஒருவர் நின்று குழாய் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, கரையின் ஓரத்திலேயே, தோண்டிய மண் குவியலாய்க் கிடந்தது. "இந்த மண்ணு உள்ள விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். "விழாதும்மா" என்றார் அவர். அவ்வளவுதான் பதில். மறுவாரமே, யாரும் உட்கார விரும்பாமல் வெகுநாள் காலியாய்க் கிடந்த பாதுகாப்பு ஆய்வாளர் நாற்காலியைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

அன்று முதல் எங்களுக்கு நிம்மதி போயிற்று; உயிர் தங்கிற்று. அதை அப்போது நாங்கள் அறியவில்லை. நாங்கள் வருமுன்னே தாங்கள் வந்திருப்பீர்கள். கரை நெடுகக் குனிந்தபடி நடந்து, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ஒரு மண்கட்டியை எடுத்துக் கட்டைவிரலை அழுத்துவீர்கள். விரல் சுலபமாய்ப் புதைந்தால் தங்கள் முகம் மாறிவிடும். நெஞ்சளவுக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். இல்லையேல் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் இரண்டு பக்கமும் இரும்புத் தகடும் நடுவில் குறுக்குக் கம்பியும் கொண்ட அந்தத் தடுப்புப் பெட்டியை இறக்கி, அதற்குள் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். தோண்டிய மண் கரையிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஏணி. காலை வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் தாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "வணக்கம். ஏணி எங்க?"

ஏணியம்மா என்ற பெயரைத் தங்களுக்கு வைத்தவர் எங்கள் குழாய் பூட்டுநர். எல்லாரையும் 'மச்சான்' என்று அழைத்ததால் எல்லாருக்கும் மச்சானாகிப் போனவர். "மேடம் காலையில கட்டில்லேர்ந்து எறங்கவே ஏணி கேப்பாங்களாம்" என்று அவர் சொல்ல, மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தோம். தாங்கள் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. "கட்டிலுக்கு வேணாம் மச்சான், ரெண்டடிதான்" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் நடந்தீர்கள். மேலதிகாரி ஒருவர் தம்மை மச்சான் என்றழைத்ததை ஒரு மாதம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் அவர்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அடுமனைத் தெருவில் பெரிய குழாய் உடைந்தது. ஆறரை அடிப் பள்ளம், பக்கங்கள் செங்குத்து. தடுப்புப் பெட்டி வேறொரு களத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. "பெட்டி வர்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றீர்கள். இரண்டு நாள் ஆயிற்று. தெருவில் தண்ணீர் இல்லை. மக்கள் காலி வாளிகளோடு வந்து நின்று கத்தினார்கள். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு தாய், "ரெண்டு நாளா குழந்தையக் குளிப்பாட்டல. உங்களுக்கு மண்ணப் பாத்தா பயமா?" என்று கேட்டார். "பயம்தாம்மா. திட்டணும்னா என்னத் திட்டுங்க, இவங்களத் திட்டாதீங்க" என்று தாங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

தெரு முழுக்கப் பார்க்க எங்களுக்காகக் கும்பிட்ட அந்தக் கைகளை, நாங்கள் அவமானமாக நினைத்தோம். தடைபட்ட வேலையை முடிக்க வார விடுமுறை ரத்தானது. மச்சானின் தம்பிக்கு அன்று நிச்சயதார்த்தம். அவரால் போக முடியவில்லை. மறுநாளே மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியவன் நான்.

அந்த மனுவின் வாசகங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். 'அனுபவம் மிக்க தொழிலாளர்களைக் குழந்தைகளைப்போல் நடத்துகிறார்.' 'தேவையற்ற அச்சத்தைப் பரப்புகிறார்.' 'பணிகளின் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறார்.' முட்டுக் கொடுக்கச் சொன்னவரை முட்டுக்கட்டை என்றெழுதினேன். எழுதிவிட்டு, சொல் பொருத்தமாக விழுந்ததே என்று எனக்குள் மகிழ்ந்தும்கொண்டேன். மனு நன்றாக வந்திருந்தது. மேலிடம் நம்பும்படி நன்றாக வந்திருந்தது. இருபத்தாறு பேர் கையொப்பமிட்டோம். முதல் கையொப்பம் மச்சானுடையது.

பத்தே நாளில் தங்களைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். தாங்கள் எதுவும் கேட்கவில்லை. மனுவைத் தங்களிடம் காட்டியே மாற்றல் ஆணையைக் கொடுத்தார்கள் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்படியென்றால் அன்று எங்கள் ஒவ்வொருவர் கையெழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வந்திருக்கிறீர்கள். அளவுகோலை மேஸ்திரியிடம் கொடுத்து, "மழை பெஞ்ச மறுநாள் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றீர்கள்.

ஐந்து மாதம் வேலை மளமளவென்று நடந்தது. ஏணி தேடவில்லை, பெட்டிக்குக் காத்திருக்கவில்லை. 'பாத்தியா, ஒண்ணும் ஆகல' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த குறுகலான சாலையில் ஏழடிப் பள்ளம். ஒருபுறம் மதில், ஆகையால் தோண்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டியிருந்தோம். பக்கத்திலேயே பழைய குழாய்ப் பாதை. ஏற்கெனவே ஒருமுறை தோண்டி மூடிய, பிடிப்பில்லாத மண். முந்தைய நாள் நல்ல மழை; அன்று நல்ல வெயில். காலையில் இணைப்பு வளையம் வாங்கக் கிடங்குக்கு வந்த மேஸ்திரியிடம் கேட்டீர்கள்:

"ஆழம் எவ்வளவு?"

"நாலடிதான் மேடம்."

"பெட்டிய ஏத்தி விடவா? இங்க சும்மாதான் கெடக்கு."

"நாலடிக்கு எதுக்கு மேடம் பெட்டி?"

பெட்டியை ஏற்றி இறக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகச் சொன்ன பொய் அது.

பதினொரு மணிக்கு ஓர் இணைப்பு கசிந்தது. "அஞ்சே நிமிஷம், போல்ட்ட முறுக்கிட்டு வந்துடறேன்" என்று மச்சான் பொக்லைன் வாளியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். ஓர் எச்சரிக்கையும் இல்லை. கதவு சாய்வதுபோல் பக்கச் சுவர் மொத்தமாய்ச் சாய்ந்தது. தூசி அடங்கியபோது அவர் நெஞ்சு வரை மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தார். தலை வெளியே இருந்தது, பேசினார். "ஒண்ணுமில்லடா, கால்தான் மாட்டிக்கிச்சு. மெதுவா இழுங்க." மூன்று பேர் உள்ளே குதித்தார்கள். மண்ணை அள்ள ஓட்டுநர் எந்திரத்தைக் கிளப்பினார். நான் கிடங்குக்கு ஓடினேன். ஒரு தெரு தூரம்தான்.

என் வாயிலிருந்து 'மண்ணு' என்ற சொல் மட்டும் வந்தது. தாங்கள் மீதியைக் கேட்கவில்லை. கிடங்கு லாரியில் பலகையும் திருகு முட்டுகளும் ஏணியும் ஏறின. களத்தில் குதித்ததும் தாங்கள் முதலில் கத்தியது எங்களுக்கு விளங்கவேயில்லை.

"எஞ்சின நிறுத்துங்க! உள்ள இருக்கிற மூணு பேரும் மேல வாங்க!"

"அவன விட்டுட்டா மேடம்?"

"விடல. பலகை வெச்சிட்டு எறங்கலாம். இப்ப ஏறுங்க. ஏறுடா!"

இருபது ஆண்டுகளில் எங்களில் யாரையும் தாங்கள் ஒருமையில் அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்தான் மூவரையும் ஏற வைத்தது. மூன்றாமவர் கரையில் கால் வைத்ததும் எதிர்ப்பக்கச் சுவர் விழுந்தது, அவர்கள் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்த அதே இடத்தில். மச்சானின் கழுத்து வரை மண் ஏறியது.

தாங்கள் பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகையைப் போடச் சொல்லி, அதன்மேல் குப்புறப் படுத்து, அவர் கழுத்தைச் சுற்றியிருந்த மண்ணை விரல்களால் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். மற்றவர்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

"மேடம்... திட்டாதீங்க" என்றார் மச்சான்.

"திட்டல. பேசாதீங்க. மூச்ச மட்டும் பாத்துக்குங்க."

மூச்சு விடும்போது நெஞ்சு சுருங்குமாம். சுருங்கிய இடத்தை மண் பிடித்துக்கொள்ளுமாம், திருப்பித் தராதாம். அடுத்த மூச்சுக்கு இடமே இருக்காதாம். இதைப் பின்னொரு நாள் தாங்கள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவரை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. இருபதாவது நிமிடத்திலேயே தங்கள் விரல்கள் நின்றுவிட்டதை நாங்கள் பார்த்தோம்.

விசாரணை நடந்தது. குறிப்பெடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அதிகாரி கேட்டார்:

"சம்பவத்தன்னிக்கு நீங்க ஏன் களத்துல இல்ல?"

"கிடங்குக்கு மாத்தியிருந்தாங்க."

"ஏன்?"

தாங்கள் என்னைப் பார்த்துவிடுவீர்கள் என்று பயந்தேன். தாங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். "நிர்வாகக் காரணம்" என்றீர்கள்.

எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் அந்த மனு இருந்தது. எழுந்து எடுத்துக் கொடுக்க நான்கு அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. 'நிர்வாகக் காரணம்' என்ற இரு சொற்களைப் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். மேஸ்திரி மட்டும், நாலடி என்று பொய் சொன்னதைத் தாமே ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போனார். இந்த விழாவுக்கு அழைத்தபோது, "எந்த முகத்தோட வர்றது?" என்று கேட்டார். அவர் கேட்டுவிட்டார். நாங்கள் அதையும் கேட்காமல் பதினோர் ஆண்டுகள் தங்கள் முன்னாலேயே நடமாடினோம்.

தாங்கள் மறுபடி களத்துக்கு வந்தீர்கள். குரல் முன்பு போலவே; கேள்வி முன்பு போலவே. இந்தப் பதினோர் ஆண்டில் ஒருவரைக்கூட நாங்கள் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாராட்டு மடல்களில் 'சாதனை' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லை நாங்கள் இங்கே எழுதவில்லை. அந்த ஐந்து மாதமும் தங்களைக் களத்திலேயே விட்டுவைத்திருந்தால் பதினொன்று பன்னிரண்டாகியிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், கொட்டகையில் தேநீர் குடித்தபடி தாங்களாகவே பேசினீர்கள். "நான் ரோஷப்பட்டு கிடங்குக்குப் போனேன். மேல போய் சண்டை போட்டிருக்கணும். வேணும்னா அவங்களே வந்து கூப்பிடட்டும்னு உக்காந்துட்டேன். அவர் நாலடின்னு சொன்னப்பவாவது நடந்து வந்து பாத்திருக்கலாம். மூணு நிமிஷம்." அப்போது நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். தேநீரைக் குடித்தோம், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தோம், வேலைக்குப் போனோம். இன்று சொல்கிறோம். அம்மையீர், அந்த மூன்று நிமிடம் எங்களுடையது. தயவுசெய்து அதைத் தங்களுடையதென்று சுமக்காதீர்கள்.

அந்த இருபத்தாறு பேரில் பணியில் மீதமிருக்கும் பதினொரு பேரும் சென்ற ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். மனுவைப் பற்றிச் சொன்னோம். தையல் எந்திரம் நின்றது.

"அவரும் கையெழுத்து போட்டாரா?"

"மொதல் கையெழுத்தே அவரோடதுதான்."

"மேடத்துக்கு இது தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

வெகுநேரம் அவர் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். "வருஷா வருஷம் வந்து உக்காந்து, அவர் ஏணியப் பத்தி அடிச்ச கிண்டலெல்லாம் சொல்லி என்னச் சிரிக்க வெப்பாங்க. இத மட்டும் சொல்லல" என்றார். மன்னிப்பு என்று நான் வாயெடுத்ததும் கையை உயர்த்தினார். "எங்கிட்ட கேக்காதீங்க. நான் என்ன சொல்லணும்னு எனக்கே தெரியல. அவங்ககிட்ட கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேளுங்க."

ஆகவே கேட்கிறோம். எல்லார் முன்னிலையிலும் கேட்கிறோம். எங்களை மன்னித்துவிடுங்கள்! பதில் சொல்ல வேண்டிய கடமை தங்களுக்கு இல்லை. மன்னிக்க முடியவில்லையென்றால் அதுவும் நியாயமே.

கடைசியாக, தங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி. மேடையில் தங்கள் அருகில் அமர்ந்திருக்கும் செயற்பொறியாளர் ஐயா இன்று எங்கள்மேல் கோபமாக இருக்கிறார். காலையில் தாங்கள் அலுவலகத்தில் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, சந்தைச் சாலைப் பள்ளத்தில் எங்களை இறங்கச் சொன்னார். கரையிலிருந்து ஓரடி தள்ளி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் நீளமாக ஓடியிருந்தது. பெட்டி பழுதுபார்க்கப் போயிருக்கிறது. பொக்லைன் ஓட்டுநர் எந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு எறங்க முடியாது சார்."

"யார் சொன்னது, ஆய்வாளரா?"

"அவங்களுக்குத் தெரியாது சார். நாங்கதான் சொல்றோம்."

பதினொரு பேரும் கரையிலிருந்து விலகி நின்றோம். இந்த மடலை வாசிக்கும் இந்த நேரம் வரை அந்தக் கரை சரியவில்லை, சரியாமலே போகலாம். நாளை எங்களைக் கோழைகள் என்று சொல்வார்கள், சொல்லட்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அடுமனைத் தெருவில், தாங்கள் தனியாக நின்று கும்பிட்ட அன்று, நாங்கள் இப்படித் தங்கள் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். காலம் கடந்து வந்து நிற்கிறோம்.

அம்மையீர்! நோயற்ற உடலும் குறையற்ற மனமும் பெற்று, சுற்றமும் நட்பும் சூழ, தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும்! இனி மழை பெய்தால் அது தங்களுக்கு வெறும் மழையாக இருக்க வேண்டும்; எந்தத் தெருவில் எத்தனை அடி என்று எண்ணிப் பார்க்காமல் தாங்கள் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். விழித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட,
குழாய் பதிப்புப் பிரிவின் பணியாளர்கள்